வெயிலில் தேயும் இலை: பழுதைத் தானே நீக்கும் நொதி

கீற்றுப் பந்தலின் கீழ் நன்றாக வளர்ந்த மிளகாய் நாற்றைக் காலையில் பிடுங்கி, நண்பகலுக்குள் நட்டு முடித்துவிடுகிறார் ஒரு விவசாயி. தண்ணீரும் பாய்ச்சியாயிற்று. மறுநாள் மாலை பார்த்தால், மேலிலைகளில் வெளுத்த திட்டுகள் தெரிகின்றன. இரண்டு நாளில் அந்தத் திட்டுகள் காகிதம் போல் காய்ந்துவிடுகின்றன. ஏதோ நோய் வந்துவிட்டது என்று பூசணக்கொல்லி வாங்கித் தெளிக்கிறார். அதில் பயன் இல்லை என்று கண்டதும் பூச்சிமருந்து தெளிக்கிறார். அப்புறம் யூரியாக் கரைசல். பத்து நாளில் கையிலிருந்த பணம் கரைந்துவிடுகிறது. நாற்றில் ஒரு பகுதி செத்துவிடுகிறது. பிழைத்த நாற்று தானாகவே புதுத் தளிர் விடுகிறது. மருந்துதான் காப்பாற்றியது என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

இங்கே பூசணமும் இல்லை, பூச்சியும் இல்லை. இலையின் பச்சையத்தில் அன்றாடம் நடக்கும் ஒரு தேய்மானம், அன்றாடம் நடக்கும் பழுதுபார்ப்பை மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பழுதுபார்ப்பைச் செய்வது ஒரு நொதி. இலைக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் பதிந்து நின்று, கெட்டுப்போன புரதத்தை இழுத்து வெட்டி அப்புறப்படுத்துவது அதன் தொழில். அது எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நாற்று நடுவதிலும், சத்து இடுவதிலும், களைக்கொல்லி பயன்படுத்துவதிலும் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

இலைக்குள் இருக்கும் ஆலை

இலையின் பச்சை நிறம் இலை முழுவதும் பூசியதுபோல் பரவியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய பசுங்கணிகங்களில் அது அடங்கியிருக்கிறது. ஒரு பசுங்கணிகத்தைப் பிளந்து பார்க்க முடிந்தால், அதற்குள் மெல்லிய சவ்வுகள் பல இருப்பது தெரியும். சில இடங்களில் அவை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல் நெருக்கமாக இருக்கும். வேறு இடங்களில் அடுக்கு இல்லாமல் தனித்தனியாக நீண்டிருக்கும். பச்சையம் இந்தச் சவ்வுகளில்தான் இருக்கிறது. வெயிலின் சக்தியைப் பிடித்து, தண்ணீரைப் பிளந்து, பிராணவாயுவை வெளியே விடும் வேலையும் இந்தச் சவ்வுகளில்தான் நடக்கிறது.

தண்ணீரைப் பிளக்கும் இந்த அமைப்புக்கு இரண்டாம் ஒளி அமைப்பு என்று பெயர். இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த கூட்டு அது. அதன் நடுவில் டி-1, டி-2 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. டி-1 புரதம் ஏறத்தாழ 340 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. ஊசியில் நூல் போவதுபோல் சவ்வை ஐந்து முறை ஊடுருவிச் செல்கிறது. தண்ணீரைப் பிளக்க உதவும் மாங்கனீசு, சுண்ணாம்புச் சத்து அணுக்களைப் பெரும்பாலும் இதுவே தாங்கிப் பிடிக்கிறது. ஆலையில் சுமை முழுவதும் விழும் அச்சாணி இது என்று சொல்லலாம்.

தேய்வது எது?

வெயில் இல்லாமல் பயிர் இல்லை. ஆனால் அதே வெயில்தான் டி-1 புரதத்தைக் கெடுக்கிறது. நெல், மிளகாய், கத்தரி, வாழை போன்ற பல பயிர்களின் இலை உச்சிவெயில் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. வெளிச்சம் ஓர் அளவைத் தாண்டியதும் ஒளிச்சேர்க்கை அதற்குமேல் கூடாது. சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை இவற்றைவிட அதிக வெளிச்சத்தைப் பயன்படுத்த வல்லவை. எந்த இலையானாலும், பயன்படாமல் மிஞ்சும் சக்தி இலைக்குள்ளேயே தங்கி, தீங்கு செய்யும் பிராணவாயு வகைகளை உண்டாக்குகிறது. அப்போது முதலில் அடிபடுவது டி-1 புரதம்தான்.

இது எப்போதாவது நேரும் விபத்து அல்ல. வெளிச்சம் இருக்கும்வரை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மெதுவாகவும், கடும் வெயிலில் மிக விரைவாகவும் நடக்கும். கடும் வெளிச்சத்தில் உள்ள இலையில் இருக்கும் டி-1 புரதத்தில் பாதி, சுமார் ஒரு மணி நேர அளவிலேயே கழிந்து புதிதாக மாற்றப்பட வேண்டியதாகிறது. இலையிலுள்ள வேறு பல புரதங்கள் நாள்கணக்கில் நிலைத்திருப்பதோடு ஒப்பிட்டால் இதன் வேகம் புரியும்.

இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்வின் எடல்மன், ஆட்டர் மாட்டூ ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் இதைத் தெளிவுபடுத்தியவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அரிய செடி எதுவும் அல்ல. குட்டைகளில் பச்சைப் பொட்டுகள் போல் மிதக்கும் மிகச் சிறிய நீர்ச்செடிதான். இலைச் சவ்வில் உள்ள ஒரு புரதம் மட்டும் வெளிச்சத்தில் மிக விரைவாக உண்டாகி, மிக விரைவாக அழிவதை அதில் கண்டார்கள். அந்தப் புரதம்தான் பிறகு டி-1 என்று பெயர் பெற்றது.

பழையதை எடுக்காமல் புதியது நுழையாது

இருபது புரதங்களில் ஒன்று கெட்டுவிட்டது என்பதற்காக ஆலை முழுவதையும் இடித்துக் கட்டினால் செடிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கெட்ட டி-1 புரதத்தை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் பொருத்துகிறது.

கிணற்றடியில் உள்ள பம்புசெட்டில் கிளாண்ட் கயிறு தேய்ந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கினால், மோட்டாரையே மாற்றுவார் யாரும் இல்லை. கயிற்றை மட்டும் மாற்றுவார்கள். அதிலும் பழைய கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே எடுத்த பிறகே புதுக் கயிற்றைச் சுற்ற முடியும். பழைய கயிறு கொஞ்சம் உள்ளே சிக்கியிருந்தாலும் புதியது சரியாக உட்காராது.

டி-1 விஷயமும் இப்படித்தான். ஆனால் அது சவ்வுக்குள் ஐந்து முறை தைத்தாற்போல் கிடக்கிறது. உருவி எடுப்பது எளிதல்ல. அந்தக் கடினமான வேலைக்கென்றே அமைந்த நொதிக்கு எப்.டி.எஸ்.எச். என்று பெயர். இது முதலில் குடலில் வாழும் எஷரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. பிறகு 1990களின் நடுவில் பசுங்கணிகச் சவ்விலும் இது இருப்பது தெரியவந்தது. நெல்வயலில் காணும் நீலப்பச்சைப் பாசி இனங்களிலும் இதே குடும்பத்து நொதி இதே வேலையைச் செய்கிறது.

தட்டை வெட்டும் இயந்திரம் போன்ற அமைப்பு

இந்த நொதியின் அமைப்பை அறிய மாட்டுக் கொட்டகையில் உள்ள தட்டை வெட்டும் இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். அந்த இயந்திரத்தில் மூன்று அம்சங்கள் உண்டு. முதலாவது, அது ஆடாமல் நிற்கத் தரையில் பதித்த கால். இரண்டாவது, சோளத்தட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும் உருளைகள். மூன்றாவது, உள்ளே வந்த தட்டையைத் துண்டு போடும் கத்தி. எப்.டி.எஸ்.எச். நொதியிலும் இந்த மூன்றும் உண்டு.

கால்: நொதியின் ஒரு முனை சவ்வுக்குள் பதிந்திருக்கிறது. டி-1 கிடப்பதும் சவ்வில்தான். ஆகவே கெட்ட புரதத்தைத் தேடி நொதி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சவ்வில் பதிந்த நொதி என்று இதைச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

உருளை: சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளைச் செலவிட்டு இயங்குகிறது. ஏ.டி.பி. என்பது உயிரணுக்களின் எரிபொருள். அதைப் பயன்படுத்த மக்னீசியமும் வேண்டும். எரிபொருள் செலவாகச் செலவாக இந்தப் பகுதி அசைந்து, டி-1 புரதத்தின் வாலைப் பிடித்துச் சிறிது சிறிதாகச் சவ்விலிருந்து உருவி இழுக்கிறது.

கத்தி: அதற்கும் உள்ளே, துத்தநாக அணு பொருந்திய வெட்டும் பகுதி இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரண்டும், அஸ்பார்டிக் அமிலம் ஒன்றும் சேர்ந்து துத்தநாகத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. புரதச் சங்கிலியின் கண்ணிகளை வெட்டுவது இந்த இடத்தில்தான். துத்தநாகத்தை எடுத்துவிட்டால் கத்தி மழுங்கிவிடும்.

இப்படிப்பட்ட அலகு தனியாக வேலை செய்வதில்லை. ஆறு அலகுகள் வட்டமாகக் கூடி, நடுவில் துளையுள்ள ஒரு வளையமாக அமைகின்றன. கத்திகள் அனைத்தும் வளையத்தின் உட்புறத்தில் இருக்கின்றன. இந்த அமைப்பில் ஒரு பாதுகாப்பு உண்டு. கத்தி வெளிப்பக்கம் இருந்தால் கிட்ட வந்த நல்ல புரதத்தையும் வெட்டிவிடும். உள்ளே இருப்பதால், வாலைக் கொடுத்து உள்ளே இழுக்கப்பட்ட புரதம் மட்டுமே வெட்டுப்படும். மூடி போட்ட இயந்திரத்தில் கை சிக்காது என்பதுபோல்தான் இதுவும்.

பசுங்கணிகச் சவ்வில் உள்ள வளையத்தில் இருவகை அலகுகள் கலந்திருக்கின்றன. ஒருவகை மட்டும் இருந்தால் போதாது. இரண்டு வகையும் சேர்ந்தால்தான் வளையம் சரியாக அமையும்.

வேலை நடக்கும் முறை

பழுதுபார்ப்பு ஒழுங்கான வரிசையில் நடக்கிறது.

முதலில், டி-1 கெட்டுப்போன ஒளி அமைப்பு நெருக்கமான அடுக்கிலிருந்து விலகி, அடுக்கில்லாத சவ்வுப் பகுதிக்கு நகர்கிறது. நெருக்கமான அடுக்கின் இடுக்கில் நொதி வளையம் நுழைய இடம் போதாது. பழுதான வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருவது போன்றது இது.

இரண்டாவது, ஒளி அமைப்பின் சில பாகங்கள் தற்காலிகமாகக் கழன்றுகொள்கின்றன. டி-1 வெளியே தெரிகிறது.

மூன்றாவது, நொதி வளையம் டி-1 புரதத்தின் தலைப்பு முனையைப் பிடித்து இழுத்து, சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது. டெக் என்ற வேறொரு நொதிக் குடும்பமும் டி-1 சங்கிலியை இடையில் நறுக்கிக் கொடுத்து இதற்குத் துணை செய்கிறது. நீளமான தட்டையை இரண்டாக முறித்துக் கொடுத்தால் இயந்திரம் விரைவாக வெட்டுவதுபோல்.

நான்காவது, புதிய டி-1 தயாராகிறது. இதற்கான மரபுக் குறிப்பு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருப்பதால் அங்கேயே உண்டாகிச் சவ்வில் நுழைகிறது. புதிதாக வந்த டி-1 புரதத்தின் கடைசியில் சிறிய வால் ஒன்று கூடுதலாக இருக்கும். வேறொரு நொதி அதைக் கத்தரித்துவிட்ட பிறகே மாங்கனீசு அணுக்கள் சரியாகப் பொருந்தும்.

ஐந்தாவது, கழன்ற பாகங்கள் மீண்டும் சேர்ந்து, ஒளி அமைப்பு அடுக்குக்குத் திரும்பி வேலையைத் தொடங்குகிறது.

வெட்டுப்பட்ட பழைய புரதமும் வீணாவதில்லை. அது மீண்டும் அமினோ அமிலங்களாகிப் புதிய புரதம் செய்யப் பயன்படுகிறது.

நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது. இதில் இலை பாதி பச்சையாகவும் பாதி வெள்ளையாகவும் திட்டுத்திட்டாக இருக்கும் ஒரு ரகம் வெகுகாலமாக ஆராய்ச்சியாளர்களிடம் இருந்துவந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் காரணம் தெரிந்தது. எப்.டி.எஸ்.எச். அலகுகளில் ஒன்றுக்கான மரபுக்கூறு அதில் கெட்டிருந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னோர் அலகு ஓரளவு ஈடுகட்டியதால் இலையின் ஒரு பகுதியாவது பச்சையாக இருந்தது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அலகுகளும் இல்லாமல் போனால் பச்சையான செடியே கிடைப்பதில்லை. இந்த நொதி குறைந்த செடிகளைக் கடும் வெளிச்சத்தில் வைத்தால் சாதாரணச் செடிகளைவிட விரைவாகப் பாதிக்கப்படுகின்றன என்றும் கண்டார்கள்.

இதை வைத்து, வெள்ளைத் திட்டுள்ள இலையெல்லாம் நொதிக் குறையால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நச்சுயிரி நோய், சத்துக் குறை, பூச்சிச் சேதம், பிறவியிலேயே அமைந்த நிறம் எனக் காரணங்கள் பல உண்டு. வயலில் காண்பதைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

பழுதுபார்ப்பு எப்போது தோற்கிறது?

தேய்மானமும் பழுதுபார்ப்பும் சமமாக இருக்கும்வரை இலைக்குத் தீங்கில்லை. நண்பகலில் சற்றுப் பின்தங்கினாலும் வெயில் தாழ்ந்ததும் சரியாகிவிடும். கீழ்க்கண்ட நிலைமைகளில்தான் பழுதுபார்ப்பு தோற்றுப்போகிறது.

நிழலில் வளர்ந்த இலை: நிழலில் வளர்ந்த இலை கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும்படி அமைந்தது. மிஞ்சும் சக்தியை வெப்பமாக வெளியேற்றும் ஆற்றலும், பழுதுபார்க்கும் வேகமும் அதில் குறைவு. அதைத் திடீரென்று திறந்த வெயிலில் வைத்தால் தாங்காது. சில நாள் பழக்கினால் அதே செடி ஈடுகொடுக்கும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு: வாடிய செடி இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. கரியமிலவாயு உள்ளே வருவது குறைகிறது. வெளிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. மிஞ்சும் சக்தி பெருகுகிறது.

குளிர்: மலைப்பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் காலையில் கடுங்குளிரும் பளீரென்ற வெயிலும் சேர்ந்து வருவதுண்டு. வெளிச்சம் செய்யும் கெடுதி குளிரில் நின்றுவிடுவதில்லை. ஆனால் நொதிகளின் வேலை மந்தமாகிவிடும். வெப்பநாட்டுப் பயிர்கள் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படும்.

அதிக வெப்பமும் உப்பும்: கடும் வெப்பத்திலும் உப்பு மிகுந்த நிலத்திலும் புதிய டி-1 உண்டாவது தடைப்படுகிறது.

தழைச்சத்துக் குறை: புரதம் உண்டாகத் தழைச்சத்து வேண்டும். மிகவும் பசியோடிருக்கும் பயிரில் பழுதுபார்ப்பும் மந்தமாகும். அதற்காக, காய்ந்த திட்டு உள்ள இலைமேல் யூரியாக் கரைசல் தெளித்தால் அது பச்சையாகிவிடாது. செத்த பகுதி செத்ததுதான்.

சத்துக் குறையும் வெயிலும்

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி மார்ஷ்னரும், துருக்கியைச் சேர்ந்த சக்மாக்கும் 1989இல் பீன்ஸ் செடிகளில் செய்த ஒரு சோதனை சிறு விவசாயிகளுக்கும் பயன் தருவது. துத்தநாகம், சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை குறைந்த செடிகளைக் கடும் வெளிச்சத்தில் வளர்த்தபோது இலைகள் விரைவாக மஞ்சளாகிக் கருகின. அதே இலையின் ஒரு பகுதியை மறைத்து நிழல் கொடுத்தபோது, அந்தப் பகுதி பச்சையாகவே இருந்தது. சத்துக் குறையுள்ள இலையை வெளிச்சமும் சேர்ந்தே கெடுக்கிறது என்பது இதனால் விளங்கியது. மிஞ்சிய வெளிச்சத்தால் உண்டாகும் தீய பிராணவாயு வகைகளைச் சமாளிக்க இந்தச் சத்துகள் பல வழிகளில் தேவைப்படுகின்றன. எப்.டி.எஸ்.எச். நொதிக்குத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டியிருப்பது அந்தப் பல வழிகளில் ஒன்று.

துத்தநாகக் குறையை நோய் என்று தவறாக எண்ணிய கதை நம் நாட்டிலேயே உண்டு. வடக்கே இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் பழுப்பேறி அழிந்தது. கைரா நோய் என்று அதற்குப் பெயர். அது நோய்க்கிருமியால் வந்ததல்ல, துத்தநாகக் குறையால் வந்தது என்று பந்த்நகரைச் சேர்ந்த நேனே 1966இல் விளக்கினார். மருந்துக்கு அடங்காத 'நோய்' ஜிங்க் சல்பேட்டுக்கு அடங்கியது.

துத்தநாகம் குறைந்த நெல்வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் இடுவது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. அதை உலர்ந்த மணலோடு கலந்து நடவுக்கு முன் சீராகத் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களோடு கலக்கக் கூடாது. மண் பரிசோதனை செய்து, குறை இருந்தால் மட்டும் இடுவதே சிக்கனம்.

களைக்கொல்லி தாக்குவதும் இங்கேதான்

மக்காச்சோளத்தில் பயன்படும் அட்ரசின், கரும்பில் பயன்படும் மெட்ரிபூசின், டையூரான் ஆகிய களைக்கொல்லிகள் டி-1 புரதத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்கின்றன. வெளிச்சத்தின் சக்தியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும் பொருள் வந்து உட்கார வேண்டிய இடம் அது. வழி அடைபட்டதும் சக்தி உள்ளேயே தேங்கி இலையைக் கருக்குகிறது. செடி புதிய டி-1 செய்து பொருத்தினாலும், மருந்து அதிலும் போய் அமர்ந்துவிடும். ஆகவே பழுதுபார்ப்பால் களை தப்பிப்பதில்லை.

மக்காச்சோளம் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் டி-1 வேறுவிதமானது அல்ல. அட்ரசினைத் தன் உடலுக்குள்ளேயே நஞ்சற்ற பொருளாக மாற்றிவிடும் திறன் அதற்கு உண்டு. உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறுகளுக்கு அவ்வளவு திறன் இல்லை. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிராக விதைத்திருந்தால் அட்ரசின் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், இவ்வகை மருந்துகளை ஆண்டுக்கு ஆண்டு பயன்படுத்திய இடத்தில், ஒரு களைச்செடி மருந்துக்குச் சாகாமல் நின்றது. 1970இல் இந்தச் செய்தி வெளிவந்தது. இப்படி மருந்தை எதிர்த்து நிற்கும் களைகளை ஆராய்ந்தபோது, பலவற்றில் டி-1 சங்கிலியின் 264ஆவது கண்ணியில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் இருப்பது தெரிந்தது. சுமார் 340 கண்ணிகளில் ஒன்றே ஒன்று மாறியதால் மருந்து ஒட்டவில்லை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் போடுவதால் வரும் கேடு இது. கைக்களை, பயிர்ச் சுழற்சி, வேறுவகை மருந்து என மாற்றி மாற்றிக் கையாள வேண்டும்.

வெயில் சேதத்தை அடையாளம் காண்பது

மருந்துக் கடைக்குப் போகும் முன் இவற்றைக் கவனித்தல் நலம்.

திட்டுகள் வெயில் நேராகப் படும் மேலிலைகளில் மட்டும் இருக்கின்றனவா? ஓர் இலை மற்றோர் இலைமேல் கவிந்து நிழலிட்ட இடம் பச்சையாகவே இருக்கிறதா? நடவுக்குப் பின்னோ, நிழல் மரம் கழித்த பின்னோ ஒன்றிரண்டு நாளில் எல்லாச் செடிகளிலும் ஒரே சமயத்தில் வந்ததா? இலையின் அடியில் பூச்சியோ, பூசண இழையோ, தூளோ இல்லையா? பின்னால் வரும் தளிர் சுத்தமாக இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றே விடை வந்தால் பெரும்பாலும் அது வெயில் சேதம். நோயானால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். புதுத் தளிரையும் பற்றும். ஐயம் இருந்தால் இலையைப் பறித்துக்கொண்டு வேளாண் விரிவாக்க அலுவலரிடம் காட்டலாம்.

இலைக்கு அவகாசம் கொடுப்பது

பந்தல் நிழலில் வளரும் நாற்றுகளுக்கு நடவுக்கு ஏழெட்டு நாள் முன்பிருந்தே வெயிலைப் பழக்க வேண்டும். முதலில் காலை, மாலை வெயில் மட்டும் படும்படி கீற்றையோ நிழல்வலையையோ விலக்கி, பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு நாள் முழுதும் திறந்துவிடலாம். தண்ணீரையும் சற்றுக் குறைத்துக் கொடுப்பது நல்லது, வாடவிடக் கூடாது.

நடவை மாலையில் வைத்துக்கொள்வது சிறந்தது. அன்றைய மங்கிய வெளிச்சமும், இரவும், மறுநாள் இளங்காலையும் நாற்றுக்குக் கிடைக்கும். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் தவறக் கூடாது. வேர் பிடிக்கும்வரை தண்ணீர்த் தட்டுப்பாடும் வெயிலும் ஒன்றுசேர விடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி.

திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை வாங்கும்போது நிழல்வலையில் பதப்படுத்தியவையா என்று கேட்டு வாங்க வேண்டும். இளம் பாக்குக் கன்றுகளுக்கு வாழையை நட்டு நிழல் தருவதும், வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முன்னதாக வளர்ப்பதும் பெரியவர்கள் அனுபவத்தில் கண்ட வழிகள். நிழல் மரங்களைக் கோடையின் நடுவில் ஒரேயடியாகக் கழித்துவிடாமல், வெயில் தணிந்த பருவத்தில் சிறிது சிறிதாகக் கழிப்பது நல்லது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. வெயில் பயிரை வளர்க்கும். அதுவே இலையின் டி-1 புரதத்தை ஓயாமல் தேய்க்கும்.

2. தேய்ந்த புரதத்தைச் சவ்வில் பதிந்த ஆறு அலகு நொதி வளையம் இழுத்து வெட்டி அகற்றும். அதன் பிறகே புதியது பொருந்தும்.

3. அந்த நொதிக்கு எரிபொருளும், துத்தநாகமும், மக்னீசியமும் தேவை.

4. திடீர் வெயில், வறட்சி, குளிர், உப்பு, சத்துக் குறை ஆகியவை சேரும்போது பழுதுபார்ப்பு பின்தங்கும்.

5. வெயில் சேதத்துக்குப் பூசணக்கொல்லியும் பூச்சிமருந்தும் மருந்தல்ல. நாற்றைப் பழக்குதல், மாலை நடவு, நேரத்தில் தண்ணீர் ஆகிய மூன்றுமே மருந்து.

மிளகாய் நாற்றில் வெள்ளைத் திட்டு கண்ட விவசாயி, பந்தலை ஒரு வாரம் முன்னதாகப் பிரிக்கத் தொடங்கி, மாலையில் நட்டிருந்தால் போதும். இரண்டுக்கும் தம்படிச் செலவில்லை. இலைக்குள் இருக்கும் பட்டறைக்குத் தன் வேலையைச் செய்ய நாலைந்து நாள் அவகாசம் கிடைத்திருக்கும். நாற்றும் பிழைத்திருக்கும், மருந்துக்குப் போன பணமும் மடியில் இருந்திருக்கும்.